பறவை மட்டும் இருக்கட்டும்

அந்தப் பறவையின் பெயர் சுல்தான் என்பதா, ராடன் என்பதா என்று எனக்கு நிச்சயமில்லை. தீர்ப்பைப் பார்த்துச் சரிசெய்யலாமென்றால், அதிலிருந்து பெயரை அழித்ததே நான்தான்.

நடு ஜாவாவில் எங்கள் சிற்றூரின் குடும்ப நீதிமன்றத்தில், தீர்ப்புகளை இணையத்தில் ஏற்றுவது என் வேலை. ஏற்றுமுன் ஆட்களின் பெயர்களை மறைக்க வேண்டும். எல்லோரும் இபு, அதாவது அம்மா, என்று அழைக்கும் சுமியெமின் விவாகரத்துத் தீர்ப்பிலும் பெயர்களை ஒன்றுவிடாமல் மறைத்தேன். ‘அஞ்சலகத்துக்கு எதிரே பச்சை வண்டியில் பக்சோ சூப் விற்கும் மனுதாரர்’ என்பது அப்படியே இருந்தது. கணவர் துகிரான், போட்டிக்கு வளர்த்த தம் பாட்டுப் பறவையின் கூண்டைக் கட்டிலில் வைத்துக்கொண்டு, மனைவியைக் கூடத்தில் படுக்கச் சொன்னதும் பறவையின் பெயரோடு இருந்தது.

ஊரில் பச்சை வண்டி ஒன்றுதான்.

புதன்கிழமை இபு சுமியெம் சூப் கரண்டியோடு வந்து நின்றார்.

“பேர மறைச்சீங்களாக்கும், பாக் ஹார்தோ? சூப் வாங்க வர்றவன்லாம் பறவை சௌக்கியமான்னு கேக்குறான்.”

“விதியில பேர மறைக்கணும்னுதான் இபு...”

“ஞாயித்துக்கெழம என் மகளப் பேசி முடிக்க வர்றாங்க. அவங்ககிட்டயும் போன் இருக்கு. அதுக்குள்ள சரி பண்ணுங்க.”

அவர் போனபின் அந்தப் பக்கத்தைத் திறந்தேன். அந்தத் தீர்ப்பை நான்குமுறை படித்திருந்தேன். நல்ல கதைபோல இருந்ததால் கைவைக்க மனம் வரவில்லை. அது இன்னொருவருடைய படுக்கையறை என்பது அப்போதுதான் உறைத்தது. தலைமை எழுத்தரிடம் அனுமதி வாங்கி, வண்டி, பறவை, கூண்டு எல்லாவற்றையும் புள்ளிகளாக்கினேன். ‘பிரதிவாதி ...... உடன் கட்டிலில் உறங்கினார்’ என்று ஆயிற்று.

வெள்ளிக்கிழமை மறுபடி வந்தார். கையில் கரண்டி இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது.

“புள்ளி வச்ச எடத்துல யாரப் போட்டுப் படிக்கிறாங்க தெரியுமா? காலைல தபாலாபீஸ் அம்மா. மத்தியானம் என் தங்கச்சி.”

“வண்டியத்தான் எடுத்துட்டேனே. நீங்கதான்னு எப்படி...”

“பழசப் படிச்சவன் மறந்துடுவானா?”

தீர்ப்பைத் திரையில் திறந்து அவர் பக்கம் திருப்பினேன். பிறகு அவரே சொன்னார்: “பறவைய மட்டும் திரும்பப் போடுங்க. பறவைன்னா சிரிச்சிட்டுப் போயிடுவாங்க.”

“பேரோடவா?”

“பேரு வேண்டாம். அது பாவம், என்ன பண்ணுச்சு.”

ஞாயிற்றுக்கிழமை, மாப்பிள்ளையின் அப்பா ஒரேயொரு கேள்விதான் கேட்டாராம்: “போட்டியில எத்தன பரிசு வாங்குச்சு?” அவர் வீட்டில் ஆறு கூண்டுகள் இருந்தன.

மகளுக்குக் கல்யாணம் ஆயிற்று. சுமியெம் வண்டிக்கு நீல வண்ணம் அடித்து, அதே இடத்தில் விற்கிறார். துகிரான் தனியாக இருக்கிறார். பறவை அடுத்த மழைக்காலத்தில் இறந்தது. நான் ஒவ்வொரு தீர்ப்பையும் எழுத்தராக ஒருமுறையும் ஊர்க்காரனாக ஒருமுறையும் படித்த பிறகே ஏற்றுகிறேன்.