நால்வர் வாயில் ஒரு சொல்

மாலை வெயில் காவிரியின் நீர்ப்பரப்பில் புரண்டெழுந்து, வாழைத் தோட்டங்களின் கிழிந்த இலைகளூடே நுழைந்து, அகத்தி மரங்களைத் தழுவியேறிய வெற்றிலைக் கொடிகளின்மேல் இளைப்பாறிக்கொண்டிருந்தது. வெள்ளையராட்சி நடந்த முப்பதுகளில் ஒருநாள், அவ்வேளையில், பரமத்தி வேலூரை அடுத்த அச்சிற்றூரின் மாரியம்மன் கோயில் வெளியில் ஊரே திரண்டிருந்தது. கன்றுக்குத் தண்ணீர் காட்ட மறந்தவரும், உலையை அடுப்பிலேயே விட்டு ஓடிவந்தவரும் அங்கே உண்டு. அடுத்தவர் துன்பம் ஒரு விழாவாயின், அதற்கு வெற்றிலை பாக்கு வைத்து எவரும் அழைக்க வேண்டியதில்லை என்பதை நீங்கள் அறியாதவரல்லீர்.

சனிக்கிழமை வைகறையில் சின்னுசாமிக் கவுண்டரின் வெற்றிலைக் கொடிக்காலில் எவனோ புகுந்து கொடிகளை அடியோடு அறுத்துப் போட்டிருந்தான். ஏரோட்ட மறுத்து முந்தின கிழமை அவரோடு வாய்ச்சண்டை இட்டவன் கந்தன். ஆகவே பழி தேடியலையாமல் நேரே அவன் தலையில் வந்து அமர்ந்தது. குற்றம் உறுதிப்பட்டால், பொழுது சாயுமுன் மனைவி கந்தம்மாளோடு அவன் ஊரெல்லையைத் தாண்டிவிட வேண்டும். அவனோ அவ்வைகறையில் கிறித்தவரின் வேதக்கோயில் கூரைக்கு ஓலை வேய்ந்துகொண்டிருந்தவன். உடனிருந்து கண்டவர் நால்வர். இனி அச்சமேது என்கிறீர்களா? அச்சம் குடியிருந்தது அக்கோயிலில் மறையுரைப்பவரும், அன்று உடனிருந்தும் கோயிலுக்குரியவர் என்பதால் சான்றுக்கு அழைக்கப்படாதவருமான தீர்த்தகிரியின் நெஞ்சில்.

சென்ற மாதம் சந்தையில், தீர்த்தகிரி நற்செய்தி கூறி நின்றபோது, பகுத்தறிவு பேசும் இளைஞனொருவன் இடைமறித்தான். "ஏனுங்க, கண்ணுல பாத்த சேதியத்தான் நாலு புஸ்தகமா எழுதி வச்சிருக்குதுன்னீங்க. உங்க சாமி கல்லறைகிட்ட ஒண்ணுல ஒரு தூதன், இன்னொண்ணுல ரெண்டு தூதனுங்களா! எழவூட்டுல ஆளெண்ணத் தெரியாதவங்க, செத்தவர் எந்திரிச்சதை மட்டும் சரியாப் பாத்தாங்களாக்கும்?" சந்தை சிரித்தது, தக்காளிக் கூடைக்காரி கூடச் சிரித்தாள். அன்றுமுதல் தீர்த்தகிரி நான்கு நூல்களையும் ஒரே கதையாகத் தைத்து, முரண் தோன்றும் இடமெல்லாம் மழித்து, ஓதிவரலானார். அதே கையால் இந்நால்வரின் சான்றையும் மழித்துவிட்டார் என்பதே நம் கதை.

அவ்வூர் வழக்கப்படி, சான்று சொல்வோர் கிணற்றடியில் நிறுத்தப்பட்டு, ஒருவர் பின் ஒருவராக அழைக்கப்பட்டனர். முதலில் வந்த மாதையன், "கந்தன் விடியற்பொழுதில் எங்களுடன் அமைதியாகக் கூரை வேய்ந்துகொண்டிருந்தான்" என்றான். அடுத்தவனும் அதையே, எழுத்துப் பிசகாமல் சொன்னான். மூன்றாமவள் அத்தாயியும் அதுவே. நான்காவதாக, களையெடுக்கும் பொன்னாயி வந்து, கைகட்டி, கண்மூடி, "கந்தன் விடியற்பொழுதில் எங்களுடன் அமைதியாக" என்று தொடங்கவும், ஊர்த்தலைவர் செங்கோட்டையக் கவுண்டர் துண்டால் வாய்பொத்திச் சிரித்தார்.

"ஏனாயா பொன்னாயி, நீ எப்பயிருந்து இப்படிப் பொஸ்தகமாட்டம் பேசற? போன வாரம் என்ற மாட்டை நீ வஞ்சது வேற பாசையாச்சே!"

பிறகு அவர் முகம் இறுகியது. "நாலு கிளி, ஒரே கூண்டு. சொல்லிக் குடுத்த சாட்சி செல்லாது. கந்தா, மூட்டையக் கட்டு."

கந்தம்மாள் அழவில்லை, தீர்த்தகிரியைப் பார்த்தாள். வலையின் எம்மூலைக்கு ஓடினும் வலையே எதிர்ப்படும் மீனைப்போல் அவர் மனம் முட்டி முட்டி மீண்டது. வாய்திறவாதிருந்தால் குற்றமற்ற குடும்பமொன்று தெருவில் நிற்கும். திறந்தாலோ, 'சான்று சமைப்பவன்' என்னும் பெயர் சூட்டப்பட்டு, இனி அவர் உரைக்கும் மறையும் அப்பெயரையே சுமக்கும். மேற்கே ஞாயிறு பனைகளுக்கிடையே இறங்கிக்கொண்டிருந்தது.

"நான்தானுங்க சொல்லிக் குடுத்தேன்," என்றார். "அவங்க வாயால இன்னொருக்கா கேளுங்க, சாமி."

கூட்டம் இரைந்தடங்கிற்று. நால்வரும் மறுபடி கிணற்றடிக்கு அனுப்பப்பட்டு, தனித்தனியே வந்தனர். கந்தன் கூரைமேல் இருந்தான் என்றான் மாதையன். "அவனெங்க ஏறினான்? கீழ நின்னு ஓலையல்ல எடுத்துக் குடுத்தான்!" என்றாள் பொன்னாயி. கோழி கூவவில்லை என்றாள் அத்தாயி. கூவி நெடுநேரமாயிற்று என்றான் மற்றவன். தீர்த்தகிரி கண்களை மூடிக்கொண்டார். ஆனால் நால்வரும், கேளாமலே, ஒன்று சொன்னார்கள்: ஓலைக்குள்ளிருந்த குளவி கந்தனைக் கொட்டிற்று, அவன் வேதக்கோயிலே நாணும்படி ஒரு சொல் சொன்னான், அதைக் கேட்டு மறையுரைப்பவரே விழுந்து விழுந்து சிரித்தார்.

"கொட்டுனது காதுலயா, கழுத்துலயா?" என்றார் தலைவர்.

"காதுலீங்க," என்றான் மாதையன். "கழுத்துலீங்க," என்றாள் பொன்னாயி.

"இதைய எந்த வாத்தியும் சொல்லிக் குடுத்திருக்க மாட்டான்," என்று தலைவர் எழுந்தார். "கந்தன் ஊட்டுக்குப் போகட்டும்."

கந்தன் வீடு சென்றான். தான் மழித்தெறிந்த முரண்களும் நாணங்களுமே அவனைக் காத்தன என்பதைக் கண்ட தீர்த்தகிரிக்குச் சந்தை இளைஞனுக்கான விடையும் அக்கணமே விளங்கிற்று: கூடிப் பொய் சமைத்தவர்களாயின் கல்லறையில் தூதரை ஒரே எண்ணாக வைத்திருப்பார்கள். அதுமட்டும் ஒன்றை மெய்யாக்கிவிடாது என்பதையும் அவர் அறிவார். ஆயினும் பொய்யென்று நகைத்தவர்க்கு அது விடையே. அவ்விடையை நாவில் ஏந்தி அவர் வெளியேறுகையில், சின்னுசாமிக் கவுண்டர் வழிமறித்துப் புன்னகைத்தார்.

"ஏனுங்க வேதக்காரரே, அந்த நாலு புஸ்தகத்துக்காரங்களுக்குச் சொல்லிக் குடுத்தது யாருங்க? நீங்களுங்களா?"

தீர்த்தகிரி அவ்விடையைச் சொல்லத் தொடங்கினார்; சான்று சமைத்தவரின் பேச்சுக்கு எவரும் செவிகொடுக்கவில்லை. ஊர் சிரித்தது. மெய்யைக் காக்கவென்று மதிலெழுப்புவோர், பல வேளைகளில், வாயில் வைக்க மறந்துவிடுகின்றனர். உள்ளே மெய் உயிரோடுதான் இருக்கிறது, வெளியே வர வழியின்றி.