இடது சுண்டு விரல்

உம்மாவின் வலது கையைக் கழுவிக்கொண்டிருந்தபோது திரைக்கு வெளியே போன் மறுபடியும் அடித்தது. சாவு வீட்டில் எல்லாரும் அடங்கிப் பேசிக்கொண்டிருந்தார்கள்; அது மட்டும் கூசாமல் அடித்தது. புது ஆர்டர் வந்தால் எடுக்கும்வரை ஓயாது. அடுப்படியில் கேட்க வேண்டும் என்று உம்மாவே வைத்த சத்தம் அது.

"நாஜியா," வாப்பாவின் குரல். "அவ வெரல ஒரு தபா வெச்சுக் குடும்மா. போன் தொறக்கல."

தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மைமூன் மாமி, வாப்பாவின் அக்கா, சொம்போடு நிமிர்ந்தாள். "மூள கீள இருக்குதா ஜப்பாரு? மையித்தக் குளிப்பாட்டிக்கினு இருக்கோம்."

"ஆர்டர் எடுக்காம உட்டா ஆப்புக்காரனே கடைய மூடிருவான்கா. அப்பறம் தொறக்கணும்னா ரஷீதா மொகத்தக் காட்டச் சொல்லுவான். நான் எங்க போய்க் காட்றது?"

மாமி மறுபடி சொம்பில் தண்ணீர் மொண்டாள்.

கடை என்று தனியாக எங்களுக்கு இப்போது ஒன்றும் இல்லை. புதுவாயல் ஜங்ஷனில் வாப்பா நடத்திய பிரியாணிக் கடைக்குக் கம்பெனி ஆட்கள் வருவது நின்றுபோனது. ஒடிசாக்காரர்களும் கொரியாக் கம்பெனிப் பெண்களும் ஹாஸ்டலில் உட்கார்ந்தபடியே போனில் சாப்பாடு வாங்கக் கற்றுக்கொண்டார்கள். உம்மாதான் துணிந்து, தன் பேரில், தன் முகத்தைக் காட்டிப் பதிந்து, வீட்டு அடுப்பிலேயே தொடங்கினாள். கல்லாவில் உட்கார்ந்திருந்த வாப்பா வெங்காயம் உரிக்கிறவரானார். போனின் ரகசிய எண்ணை மட்டும் உம்மா யாருக்கும் சொல்லவில்லை. "அத்தயும் சொல்லிட்டா என்னிய எவன் மதிப்பான்?" என்று சிரிப்பாள்.

விரல் விஷயம் எனக்குத் தெரியும். அண்டா தேய்த்துத் தேய்த்து ரேகை அழிந்த கை. கட்டை விரலை வைத்தால் போன் திறக்காது. இடது சுண்டு விரலுக்குத்தான் திறக்கும். வாப்பா இதைக் கவனித்ததில்லை. காலையில் பிரியாணியைத் தம்மில் போட்டுவிட்டு, நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உம்மா சுவரில் சாய்ந்தாள். டாக்டர் வந்து உயிர் இல்லை என்று சொல்லும்வரை வாப்பா அவள் கையை விடவே இல்லை. அழுகிறார் என்று நினைத்தேன். கிட்டப் போனபோதுதான், கட்டை விரலைப் போனில் தேய்த்துக்கொண்டிருப்பது தெரிந்தது.

போனில் கடையை மூடத்தானே கேட்கிறார் என்று எண்ணிக்கொண்டேன். இன்றைக்கு ஒழுங்காக மூடி வைத்தால் நாளைக்குக் கடை இருக்கும். திரை ஓரமாகக் கையை நீட்டிப் போனை வாங்கினேன். மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். வெந்நீரில் ஊறிய விரலைத் துடைத்து வைத்தேன். திறக்கவில்லை. வாயால் ஊதிக் காயவைத்து மறுபடி அழுத்தினேன். திறந்துகொண்டது.

"மூடிடு வாப்பா," என்று வெளியே கொடுத்தேன்.

மணி நின்றது. கொஞ்ச நேரத்தில் அடுப்படியிலிருந்து கரண்டிச் சத்தமும் டப்பா மூடும் சத்தமும் வந்தன.

"இன்னா வாப்பா பண்றே?"

"அடுப்பப் பத்த வெக்கலம்மா. சாவு ஊட்ல அடுப்புத்தான் எரியக்கூடாது. இது அவ ஆக்கி வெச்சது. அண்டா நெறைய அப்டியே கீது."

உம்மாவைக் கிடத்திய சந்தூக்கைத் தூக்கும் நேரத்தில், வாசலில் கழற்றிப் போட்ட செருப்புகளுக்கு நடுவே டெலிவரிக்காரர்கள் சதுரப் பைகளோடு நின்றார்கள். எப்போதும் வருகிற விமல் பொட்டலத்தை வாங்கிக்கொண்டு உள்ளே எட்டிப் பார்த்தான்.

"ரஷீதாக்கா இல்லியா பாய்? எனுக்குத் தனியா ஒரு முட்ட வெச்சிருப்பாங்களே."

"தோ, வந்துக்கினு கீறா," என்றார் வாப்பா. "வழி உடு."

விமல் திரும்பிப் பார்த்துவிட்டு ஹெல்மெட்டைக் கழற்றினான். மற்றவர்கள் வண்டிகளை ஓரங்கட்டினார்கள்.

கபரஸ்தானுக்குப் பெண்கள் போவதில்லை. வாசலில் நின்று பார்த்தேன். வாப்பா தலைமாட்டுப் பக்கம் தோள் கொடுத்திருந்தார். வாய் கலிமா சொல்லிக்கொண்டிருந்தது. இன்னொரு கையில் போன். வெளிச்சம் ஒருமுறை அணைந்தால் இனி அதைத் திறக்க ஆளில்லை. பள்ளிவாசல் தெரு முனை திரும்பும்வரை அவருடைய கட்டை விரல் அதன் கண்ணாடியைத் தடவிக்கொண்டே போனது.