குடியிருப்பவர் பெயர்

1

இந்தக் கதை கொழும்பிலிருந்து வந்த ஒரு வருமான வரிப் பத்திரத்தில் பிறந்தது. என் பத்திரம் அல்ல. பள்ளிக்கூட வாத்தியாரின் சம்பளத்துக்கு வரி போட எந்த அரசாங்கத்துக்கும் மனம் வராது. 1933இல், அந்த வரி வந்த புதிதில், நிறைய வயல் வைத்திருந்த கல்லடிக் கோணாமலைப் போடியார் அதைத் தூக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். எனக்கு நன்றாக இங்கிலீஷ் தெரியும் என்று ஊரில் ஒரு வதந்தி.

முதலில் இப்படித் தொடங்கினேன்: ‘வாவியில் நிலவு...’ வேண்டாம். அது காலை பத்து மணி, நல்ல வெயில். பயம் காட்டுவதற்கு நிலவைக் கூப்பிடுகிறவர்களை எனக்குப் பிடிக்காது.

2

பத்திரம் நிரப்புவது லேசான வேலை. பெயர், விலாசம். வயல் வருமானம், அதில் விதைநெல்லையும் கூலியையும் கழிக்க வேண்டும். மனைவி, பிள்ளைகள். (மனைவி சீதேவிப்பிள்ளை, மகள் புஸ்பம் என்றார். இன்னொரு பெயருக்கு வாயெடுத்து நிறுத்திக்கொண்டார்.) பிறகு வீடுகள்: எத்தனை, குடியிருப்பவர் பெயர் என்ன.

குடியிருக்கும் வீட்டைத் தவிர, கடற்கரைப் பக்கம் இன்னொன்று இருந்தது. மூத்தவள் சின்னத்தங்கத்துக்கென்று கட்டியது. எங்கள் பக்கத்தில் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் வந்து குடியேறுவான். அவளோ கலியாணத்துக்கு முன்பே காய்ச்சலில் போய்விட்டாள். அன்றிலிருந்து வீடு பூட்டிக் கிடக்கிறது. ‘ஆளில்லை’ என்று எழுதினால் வரியும் மிச்சம் என்று சொல்லிக்கொண்டே பேனாவை வைத்தேன்.

போடியார் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

“அப்பிடி எழுதாதீங்க மாஸ்டர். அவ அங்க இரிக்கா.”

3

[போடியாரை நான் நம்பவில்லை. பாத்திரமாகக்கூட நம்பவில்லை. நெல் விலையில் ஒரு சதம் விடாத மனிதர் இப்படிப் பேசுவாரா?]

ஆனால் விஷயம் வேறு இடத்தில் இருந்தது. புஸ்பத்துக்கு மாப்பிள்ளை பேசியாயிற்று. வீடு கொடுத்தால்தான் கலியாணம். புதிதாகக் கட்ட அந்த வருஷ விளைச்சல் இடம் தராது. ‘ஆளில்லை’ என்று மனிதர் கையெழுத்துப் போட்டு உறுதி கொடுத்துவிட்டால், பிறகு அந்த வீட்டை இளையவளுக்குக் கொடுக்க மாட்டேன் என்று சொல்ல முடியாது. அந்த வீட்டைப் புஸ்பத்துக்கே கொடுக்க வேண்டும் என்று சீதேவிப்பிள்ளை ஒற்றைக்காலில் நின்றாள்.

போய்ப் பார்த்துவிடுவோம் என்றேன். போடியார், புஸ்பம், நான். பூட்டு துருவேறி இறுகிக் கிடந்தது. தேங்காயெண்ணெய் விட்டுத்தான் திறந்தோம். பின்கதவு உள்ளே தாழிட்டபடி இருந்தது.

உள்ளே நிலம் மெழுகி, ஈரம் காயாமல் இருந்தது.

(இங்கே ‘புஸ்பம்தான் இரகசியமாக வந்து மெழுகியிருந்தாள்’ என்று எழுதி வெட்டினேன். அந்தத் துருவை நானே கையால் தொட்டேன்.)

புஸ்பம் மட்டும் பயப்படவில்லை. உள்ளே வைக்கப்போன காலைப் பின்னுக்கு எடுத்து, வாசலிலேயே நின்றாள்.

“அக்கா இப்பதான் மெழுகியிரிக்கா. காயட்டும்.”



4

முதல் முடிவு: ‘ஆளில்லை’ என்று எழுதுகிறேன். கலியாணம் நடக்கிறது. இருவர் வாழும் வீட்டில் புஸ்பம் நாள்தோறும் மூவருக்கு உலை வைக்கிறாள். மாப்பிள்ளை காரணம் கேட்பதில்லை. சட்டியில் சோறு மிஞ்சுவதும் இல்லை.

இரண்டாம் முடிவு: ‘சின்னத்தங்கம்’ என்று எழுதுகிறேன். மாப்பிள்ளை வீட்டார் விலகுகிறார்கள். செத்த மகளுக்கு வீடு இருக்கிறது. உயிரோடு இருக்கும் மகள் தாய் வீட்டில் நரைக்கிறாள். இதை எழுத எனக்கு வலிக்கிறது. அவள் என்ன குற்றம் செய்தாள்?

மூன்றாம் முடிவில் புஸ்பம்...

இந்த வாக்கியத்தை முடிக்க உட்காரும்போதெல்லாம் என் அறையில் பச்சைச் சாணி மணக்கிறது. என் வீட்டில் மாடு இல்லை.

5

ஆகவே பத்திரத்தை உங்களிடம் தருகிறேன். மற்றதெல்லாம் நிரப்பியாயிற்று. எழுதியிருப்பது யாவும் உண்மை என்று போடியார் கையெழுத்தும் வைத்துவிட்டார். குடியிருப்பவர் பெயர் மட்டும் பாக்கி.

புஸ்பம் வாசலில் நின்று உங்கள் பேனாவையே பார்க்கிறாள். அவள் எதுவும் கேட்கமாட்டாள். நீங்கள்தான் உள்ளே நிற்கிறீர்கள். எழுதுங்கள்.

எழுதிவிட்டு வரும்போது காலைப் பார்த்து வையுங்கள். நிலம் இன்னும் காயவில்லை.