பத்து மணிச் சங்கு

எங்கள் வீட்டுச் சமையலறைத் தரை கொஞ்ச காலமாகப் பிசைந்த மாவு மாதிரி இருக்கிறது. காலை வைத்தால் அமுங்குகிறது. என் புருஷன் நெவ்விடம் சொன்னால் குனிந்து தட்டிப் பார்த்துவிட்டு, "கான்கிரீட்டுதான் ஜெனி, நானே போட்டது" என்பான். போட்டவனுக்குத் தெரியாதா! ஆனால் அதன்மேல் நடப்பது நான்.

பதற்றத்துக்கு மாத்திரை தின்னத் தொடங்கிப் பதினோரு வருஷம் ஆகிறது. ஒருநாள் சூப்பர்மார்க்கெட்டில் பால் அலமாரிக்கு முன்னால் எனக்கு மூச்சே வரவில்லை. செத்தேன் என்றே நினைத்தேன். டாக்டர் கொஞ்ச நாளைக்கு என்று எழுதிக் கொடுத்தார். கொஞ்ச நாள் என்றால் எவ்வளவு நாள் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பிறகு ஒரு தடவை ரோஷம் வந்து மொத்தத்தையும் கழிப்பறையில் கொட்டித் தண்ணீரை விட்டேன். அந்த வாரமே தபால் ஆபீஸ் வரிசையில் வலிப்பு வந்து விழுந்தேன். என்னைத் தூக்கிக்கொண்டு போனதை ஊரே வேடிக்கை பார்த்தது.

அதனால் இந்தத் தடவை மருந்தை நிறுத்துவதில் அவசரமே இல்லை. புது டாக்டரம்மா சொன்னபடி, மருந்துக்கடை ஹுவாங் மாத்திரையைத் திரவமாகக் கலந்து தருகிறாள். ஊசியில்லாத சிரிஞ்சில் உறிஞ்சிக் குடிக்க வேண்டும். அளவு மயிரிழை மயிரிழையாகக் குறையும்.

"கஷ்டமா இருந்தா அங்கயே நில்லுங்க ஜெனீன். டாக்டரைக் கேக்காம ஏறவும் வேண்டாம், இறங்கவும் வேண்டாம்," என்பாள் ஹுவாங். "இது மலை இறங்குற மாதிரி. ஓடினீங்கன்னா உருளுவீங்க."

"நம்ம ஊர்ல மலையே கிடையாதே தாயி," என்பேன். கோதுமை வயலும் வானமும் தவிர ஆஸ்திரேலியாவின் இந்த மாலி சீமையில் வேறென்ன இருக்கிறது?

எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். பயம் வந்தால், அது என்னுடைய பயமா, இல்லை மருந்து வெளியே போகிறபோது என் தலைக்குள் வீசிவிட்டுப் போகிற குப்பையா என்று எனக்குத் தெரிய வேண்டும். பதினோரு வருஷமாக என் பயத்தை நான் பார்க்கவே இல்லை. அது எப்படி இருக்கும் என்றே மறந்துபோயிற்று.

நாட்கள் ஒரு மாதிரி மிதந்தன. வராந்தாவில் உட்கார்ந்தால் எதிரே வயல் மூச்சு விடும். மஞ்சளாக ஏறும், இறங்கும். வெயில் ஜன்னலில் நுழைந்து நாற்காலியில் உட்கார்ந்து என்னைப் பார்க்கும். என் கைகளைப் பார்த்தால் யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன கையுறைகள் போலிருக்கும். நெவ் பேசுவது தண்ணீருக்கு அடியிலிருந்து வரும். வாய் முதலில் அசையும், சொல் பிறகு வரும். பயமாகத்தான் இருக்கும். ஆனால் பொய் சொல்லக் கூடாது, சில மத்தியானங்களில் அது அழகாகவும் இருந்தது. கண்ணைத் திறந்துகொண்டே கனவுக்குள் நடந்துபோகிற சுகம்.

காதுதான் என்னைக் கொன்றது. கரண்டி விழுந்தால் இடி. எதுவும் விழாதபோது எங்கோ தூரத்தில் ஒரு சங்கு ஊதிக்கொண்டே இருக்கும். இல்லாத சங்கு. அதனால் நெவ்வும் நானும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம்.

"நெவ், அது இருக்கா?"

"இல்ல."

"இப்போ?"

"அது இருக்கு. ஷெட்டுல ஃப்ரிட்ஜ் சத்தம்."

இருக்கு, இல்ல. இந்த இரண்டு வார்த்தைகளைப் பிடித்துக்கொண்டு நான் ஒரு வசந்த காலத்தையே கடந்தேன். நெவ் ஒரு தடவைகூட அலுத்துக்கொள்ளவில்லை. கல்யாணத்தன்று சொன்னதையெல்லாம் விட இது பெரிசு.

நிஜச் சங்கும் ஒன்று உண்டு. ஊர்க்காரர்களே முறைபோட்டு நடத்தும் எங்கள் தீயணைப்புக் கொட்டகையில் ஞாயிறு தவறாமல் காலை பத்து மணிக்குச் சோதனைக்காக ஊதுவார்கள். ஒரே ஒரு தடவை ஏறி இறங்கும். அதைக் கேட்டதும் ஊரில் கெண்டி அடுப்பில் ஏறும், பிஸ்கட் டப்பா திறக்கும். பத்து மணிச் சங்கென்றால் தேநீர், அவ்வளவுதான். யாரும் தலையைக்கூடத் திருப்ப மாட்டார்கள். நான் மட்டும் போர்வைக்குள் தலையணையைக் காதில் அழுத்திக்கொண்டு, ஒரே மூச்சைப் பிடித்து, அது அடங்கும்வரை கிடப்பேன். என் ஒரு மூச்சும் அந்தச் சங்கும் சரியாக ஒரே நீளம்.

அந்த ஞாயிறுக்கு முந்தின இரவு பொட்டுத் தூக்கம் இல்லை. தோலுக்கு அடியில் எறும்பு. அறுவடைக் காலம் என்பதால் நெவ் விடியுமுன்பே இயந்திரத்தை ஓட்டப் போய்விட்டான். நான் குளிருக்கு எதையாவது போடலாமென்று பழைய கோட்டை எடுத்தேன். வெளியே வெயில் கொளுத்துகிறது, எனக்குக் குளிர்! கோட்டுப் பையில் ஒரு மாத்திரை அட்டை இருந்தது. பழைய, முழு அளவு மாத்திரைகள். எல்லாவற்றையும் ஹுவாங்கிடம் திருப்பிக் கொடுத்ததாக நினைத்திருந்தேன்.

மேசைமேல் வைத்தேன். பக்கத்தில் ஒரு டம்ளர் தண்ணீர் வைத்தேன். ஒன்றைப் போட்டால் தரை தரையாகிவிடும், கை கையாகிவிடும். இத்தனை மாதம் பட்ட பாடும் மண்ணாகிவிடும். ஹுவாங்குக்குப் போன் பண்ணினேன். எடுக்கவில்லை. "சரி போ, நான் தோத்துட்டேன்," என்று சத்தமாகவே சொன்னேன். ஒரு மாத்திரையைப் பிதுக்கி உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

சங்கு ஊதியது. பழக்க தோஷம், மூச்சைப் பிடித்தேன். ஏறியது, இறங்கியது. மூச்சை விட்டேன். சங்கு மறுபடி ஏறியது.

பிறகும் ஏறியது. போச்சு, இல்லாத சங்கு கிட்டேயே வந்துவிட்டது. நெவ்வைப் போனில் கூப்பிட்டேன்.

"நெவ், சங்கு இருக்கா?"

அவன் பக்கம் இயந்திர இரைச்சல். "இல்ல ஜெனி. மணி பத்து தாண்டியாச்சு, சோதனை எப்பவோ முடிஞ்சிருக்கும். உன் காதுதான். படுத்துக்கோ, மத்தியானம் வந்துடறேன்."

இல்ல. நெவ் சொல்லிவிட்டான். மாத்திரையை வாய்க்குக் கொண்டுபோனேன்.

அப்போது பக்கத்து வீட்டுக் கிழவி டாட்டின் நாய் ஊளையிட்டது. சங்கோடு சேர்ந்து ஏறியது, சங்கோடு சேர்ந்து இறங்கியது. நாய் எந்த மாத்திரையும் தின்பதில்லையே!

மாத்திரை எங்கே விழுந்ததென்று தெரியாது. மாவுத் தரையில் தடுமாறி ஓடினேன். டாட் வீட்டு வைக்கோல் கொட்டகைக்குப் பின்னால் புகை தடித்து, பழுப்பாக, மெதுவாக எழுந்துகொண்டிருந்தது. வயலோடு சேர்ந்து அதுவும் மூச்சு விட்டது. ஒரு கணம் அப்படியே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். கனவில் தீ சுடாது. இது முகத்தில் சுட்டது.

டாட் சமையலறையில் உட்கார்ந்து தேநீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். முன்னாள் சாராயக்கடைக்காரி, யாருக்கும் அசைய மாட்டாள்.

"டாட், எழுந்திரு! தீ!"

"அடியே, அது பத்து மணிச் சங்குடி. உக்காரு, உன் முகமே சரியில்ல. மருந்து குடிச்சியா?"

"மருந்து கிடக்குது, பின்னால பாருடி கிழவி!"

என் வாழ்நாளில் அவளை அப்படித் திட்டியதில்லை. திட்டியதால்தான் திரும்பிப் பார்த்தாள். நாயை ஒரு கையிலும் அவளை ஒரு கையிலும் இழுத்துக்கொண்டு தெருவுக்கு வந்தேன். வேலியோரப் புல் பட்டாசு போல வெடித்தது. கொட்டகை பற்றிக்கொண்ட சத்தம் கேட்டது. சங்கு ஊதுமுன்பே ரயில்பாதைப் பக்கம் தீ என்று போயிருந்த தீயணைப்பு வண்டி, காற்று திரும்பியதும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. கொட்டகை போய்விட்டது. வீடு பிழைத்தது.

நெவ் உடம்பெல்லாம் உமியோடு ஓடிவந்தான்.

"நான் இல்லன்னு சொன்னேனே ஜெனி. உன்கிட்ட இல்லன்னு சொன்னேனே!"

"சொன்ன. பரவால்லடா. எனக்குக் கேட்டுச்சு."

வண்டியில் வந்த மஞ்சள் கோட்டுக்காரர்களில் ஒருத்தி தலைக்கவசத்தைக் கழற்றினாள். ஹுவாங்! போன் எடுக்காதது இதற்குத்தானா? அவளிடம் போய் இரண்டு கைகளையும் நீட்டினேன். மணிக்கட்டுவரை வெடவெடவென்று ஆடின.

"நான் எதுவும் முழுங்கல, ஆனா இதைப் பாரு. அளவைக் குறைச்சதாலயா?"

ஹுவாங் தன் கையுறைகளை உருவிவிட்டு என் கைகளுக்குப் பக்கத்தில் தன் கைகளை நீட்டினாள். அவையும் ஆடின. நெவ்வின் தாடை நடுங்கிக்கொண்டிருந்தது. டாட் கொண்டுவந்த தட்டில் கோப்பைகள் ஒன்றோடொன்று இடித்துக் கலகலத்தன.

"பயம் ஜெனீன்," என்றாள் ஹுவாங். "சும்மா பயம். தீயைப் பாத்தா எல்லாருக்கும் வர்றதுதான்."

என்னுடையது. பதினோரு வருஷத்துக்கு அப்புறம் என்னுடைய சொந்தப் பயம், எல்லாரோடும் சேர்ந்து. டாட் வீட்டு வாசற்படியில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். அழுதது சந்தோஷத்தில்தான். நெவ் புரியாமல் முதுகைத் தடவிக்கொண்டிருந்தான்.

டாட் ஒரு கோப்பையை என் கையில் திணித்தாள். பாதி குடித்ததும் குனிந்து பார்த்தேன். கை நடுங்கவில்லை. யாரும் எனக்கு எதுவும் கொடுக்கவில்லை, அது தானாகவே நின்றிருந்தது.