துரையின் சின்ன வீடு

துரை செத்து இரண்டு வாரம் ஆகியும் அதன் சாம்பல் மருத்துவமனையில் கொடுத்த அட்டைப்பெட்டியிலேயே கிடந்தது. அதை வைக்க ஒரு ஜாடி தேடித் தையல்காரி மூன்று கடை ஏறி இறங்கிவிட்டாள். ஒரு கடை ஜாடி கல்யாண வீடு மாதிரி மினுக்கியது, இன்னொன்று சர்க்கரை டப்பா மாதிரி இருந்தது. கல்லில் பேர் பொறித்துத் தருகிற நாலாவது கடைக்குப் பெட்டியோடு தங்கச்சியையும் இழுத்துக்கொண்டு வந்திருந்தாள்.

"உயிரோட இருந்தப்போ தரையில படுத்துக் கெடந்துச்சு. இப்போ அதுக்கு மாளிகை தேடுறியே அக்கா."

"தரையிலயா? என் காலு மேல தூங்குவான்டி. பதினோரு வருஷம். ஒரு ராத்திரி தப்பினதில்ல."

அதைச் சொல்லும்போது அவள் குரலில் ஒரு நிமிர்வு வரும். கட்டினவன் மூன்றாம் வருஷமே வேறு வீடு பார்த்துக்கொண்டு போய்விட்டான். துரைதான் நிலைத்தது.

கடையில் கல் தூசி மூக்கை அரித்தது. தையல்காரி சுற்றிச் சுற்றி வந்து, கடைசியில் ஒரு சின்ன வெள்ளை ஜாடியில் கை வைத்தாள். கடைக்காரர் காதில் செருகிய பென்சிலை எடுத்தார்.

"பேரும்மா?"

"துரை. அதுக்குக் கீழ, 'எனக்கே எனக்குன்னு இருந்தவன்'னு போடுங்க."

அவர் எழுதிக்கொண்டு எழுத்து மாதிரிகளை எடுக்க உள்ளே போனார். அப்போதுதான் மேஜைமேல் கிடந்த ஒரு தாளை அவள் பார்த்தாள். யாரோ பீங்கான் ஓட்டில் பதிக்கச் சொன்ன படத்தின் மாதிரி அது. கருப்பு உடம்பு, வெள்ளைக் கழுத்து, நுனி போன இடது காது. பூப்போட்ட மெத்தையில், நாலு காலையும் மேலே தூக்கிக்கொண்டு, வயிற்றைக் காட்டிப் படுத்திருந்தது துரை. கீழே 'வக்கீல்' என்று எழுதியிருந்தது.

பதினோரு வருஷத்தில் அந்த வயிற்றைத் தொட இவளை விட்டதே இல்லை. ஒரே ஒருமுறை கை வைத்தாள். பிராண்டிய கோடு மணிக்கட்டில் இன்னும் இருக்கிறது.

அதன் வயிற்றைப் பார்த்தாள், இவள் வயிறு எரிந்தது.

"இது யாரு பூனை?"

"என்னோடதுங்க," என்று வாசலோரம் நாற்காலியிலிருந்து ஒரு குரல் வந்தது. பின்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருக்கிற அம்மா. தாளைச் சரிபார்த்துச் சொல்ல வந்து காத்திருந்தாள்.

"இது என் துரை."

"வக்கீல்ங்க. கருப்புக் கோட்டு, வெள்ளைப் பட்டி. காலைல எட்டுக்கு டியூட்டிக்கு வந்துடுவாரு, சாயங்காலம் ஆறுக்குக் கெளம்பிடுவாரு."

எட்டு மணிக்குத்தான் தையல்காரி மெஷினில் உட்காருவாள். அந்தச் சத்தம் ஆகாமல் துரை வேட்டைக்குப் போகிறது என்றுதான் இத்தனை நாளும் நினைத்திருந்தாள்.

கண்ணாடிக்கார அம்மாவுக்கும் முகம் மாறிவிட்டது. "ராத்திரியெல்லாம் எலி பிடிக்கப் போறாரு, பாவம் உழைப்பாளின்னு இருந்தேனே. அசந்து வருவாருன்னு மீனு வச்சுடுவேன்."

"மீனா? டாக்டரு எடையக் கொறைக்கச் சொன்னாருன்னு ரெண்டு வருஷமா அரை வயித்துக்குத்தான் போட்டேன். எளைக்கவே இல்ல. தண்ணி குடிச்சாலே ஊதுற உடம்புன்னு அவருகிட்ட சண்டை வேற போட்டேன்!"

தங்கச்சியால் அடக்க முடியவில்லை. "நெசமாவே வக்கீல்தான். ரெண்டு கட்சிக்காரங்ககிட்டயும் ஃபீஸ் வாங்கியிருக்காரு."

யாரும் சிரிக்கவில்லை.

"எத்தனை வருஷமா?" என்று கேட்டாள் தையல்காரி.

"வர்ற மாசத்தோட பன்னெண்டு."

தங்கச்சி காதருகே குனிந்தாள். "அப்போ நாமதான் சின்ன வீடு."

தையல்காரி அவள் இடுப்பில் நறுக்கென்று கிள்ளினாள்.

கண்ணாடிக்கார அம்மாவின் கண் அட்டைப்பெட்டிமேல் விழுந்தது. தொடக் கை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். "பத்து நாளா ஜன்னலச் சாத்தவே இல்லங்க. போயிட்டாருன்னு தெரு கூட்டுறவங்க சொல்லித்தான் தெரியும். எனக்கு இந்தப் படத்த விட்டா ஒண்ணுமில்ல. ஒரு ஸ்பூன் குடுப்பீங்களா? ஓட்டுக்கு அடியில வச்சுக்குறேன்."

பகலெல்லாம் இவளுக்கு, வயிறும் இவளுக்கு, இப்போது சாம்பலிலும் பங்கா? தையல்காரி பெட்டியை மார்போடு அணைத்துக்கொண்டாள். கையில் இருந்த ஒரே துருப்பை இறக்கினாள்.

"கடைசியில உசுரு போனது யாரு மடியிலன்னு தெரியுமா? என் மடியில."

"அப்பாடா," என்று அந்த அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தனியாப் போயிட்டாரோன்னு பயந்துக்கிட்டே இருந்தேன்."

ஓங்கிய கை பஞ்சுமூட்டையில் விழுந்த மாதிரி ஆகிவிட்டது தையல்காரிக்கு. கொஞ்ச நேரம் பெட்டியின் மூடியையே தடவிக்கொண்டிருந்தாள்.

"தரேன். ஆனா அந்தப் படம் ஆகாது. கழுத்துக்கு மேல மட்டும் போடணும்."

"ஏங்க?"

"செத்தவங்க படத்த யாராச்சும் மல்லாக்கப் போட்டு வைப்பாங்களா? ஒரு மரியாதை வேணாமா?"

தங்கச்சி மேலே மின்விசிறியைப் பார்த்தாள். அந்த அம்மா யோசித்துவிட்டுத் தலையாட்டினாள்.

திரும்பி வந்த கடைக்காரர் பெயிண்ட் கலக்குகிற சின்ன ஸ்பூன் ஒன்றைக் கழுவிக் கொடுத்தார். தையல்காரி ஒரு ஸ்பூன் அள்ளி, மேலே குவிந்திருந்ததை நகத்தால் வழித்துப் பெட்டியிலேயே தட்டினாள். தீனி அளந்த அதே கை. பிறகு, பழைய மாதிரியைக் கசக்கிக் கூடையில் போட்டுவிட்டு வெறும் தலையை மட்டும் வைத்து வேறொன்று எடுத்துக் காட்டினார் கடைக்காரர். கண்ணாடிக்கார அம்மா சரி என்று சொல்லிவிட்டு, சாம்பல் பொட்டலத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு போனாள்.

"உங்களுக்கு அந்த வரியப் போட்டுடவாம்மா? 'எனக்கே எனக்குன்னு'..."

"துரை மட்டும் போதும்," என்றாள். உடனே, "எழுத்து அவங்களோடத விடப் பெருசா இருக்கணும்."

தெருமுனை வரை போனவள், குடையை மறந்துவிட்டேன் என்று தங்கச்சியை நிறுத்திவிட்டுத் தனியாகக் கடைக்குத் திரும்பினாள். குடை அவள் பைக்குள்தான் இருந்தது.

மறுநாள் காலை எட்டு மணிக்கு அவள் மெஷினில் உட்காரவில்லை. வெட்டுமேஜையில் ஒரு கசங்கிய தாளை விரித்து, மேலே துணி போட்டு, இளஞ்சூட்டில் இஸ்திரி போட்டாள். துணியை எடுத்தாள். சுருக்கமெல்லாம் போய்த் துரை மல்லாந்து படுத்திருந்தது. ஒற்றை விரலால் அந்த வயிற்றை மெதுவாகத் தடவினாள். பிராண்டவில்லை.

"அங்க போனா மட்டும் காட்டுவியோ," என்றாள்.