என் சொந்தத் தங்கச்சிக்கே

குளிர் மிஷினின் கப் தோலைப் பிடிக்கவே மாட்டேன் என்றது. மிஷினை இயக்கும் பெண் மூன்றாவது தடவையாக அதைப் பாப்பாவின் அடிவயிற்றில் வைத்து அழுத்தினாள். காற்று விர்ரென்று உறிஞ்சியது. தொங்கிக்கொண்டிருந்த தோல் கொஞ்சம் எழும்பி, பொத்தென்று நழுவி விழுந்தது. "உள்ள ஒண்ணுமே இல்லக்கா, வெறும் தோலு. அதான் நிக்கமாட்டேங்குது" என்று வாய் தவறிச் சொல்லிவிட்டு, அந்தப் பெண் தலையைக் குனிந்துகொண்டு சின்ன கப் ஒன்றைத் தேடி எடுத்து மாட்டினாள். அதற்குள் கதவைத் திறந்து பாப்பாவின் அக்கா எட்டிப் பார்த்தாள். உடம்பைச் செதுக்கித் தருவதாகச் சொல்லும் அந்த கிளினிக்கில் அவள்தான் ஆலோசகர். டாக்டருக்குப் படித்தவள் இல்லை. ஆனாலும் வெள்ளைக் கோட்டு உண்டு. "ஆறு சிட்டிங் முடியுது. இன்னும் ரெண்டே ரெண்டுதான் பாப்பா. மெதுவாத்தான் தெரியும், அவசரப்படாத" என்றாள்.

அக்கா சொன்னால் பாப்பாவிடம் மறுபேச்சு கிடையாது. சின்ன வயதில் தெருவே அவளைப் பீப்பா என்று கூப்பிட்டது. மாமா, சித்தப்பாவெல்லாம்கூடச் செல்லம் என்ற பேரில் அப்படித்தான் கூப்பிட்டார்கள். அக்கா ஒருத்திதான் கடைசிவரைக்கும் பாப்பா என்றாள். பீப்பா என்று கத்திய பையனின் மூக்கில் ரத்தம் வரக் குத்திவிட்டு, அதற்காகப் பள்ளிக்கூட வாசலில் முட்டி போட்டவள் அவள். அந்த முட்டியில் பதிந்த மண்ணைப் பாப்பாதான் தன் பாவாடையால் துடைத்துவிட்டாள்.

பார்சல் கொடுக்கும் வேலைக்குச் சேர்ந்தபோது பாப்பாவின் எடை நூற்றுப் பன்னிரண்டு கிலோ. முதல் நாள் மேலாளர் அவளை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, லிஃப்ட் இல்லாத பழைய குடியிருப்புகளாகப் பார்த்து ஒதுக்கினார். ஒரு வாரத்தில் ஓடிவிடுவாள் என்று நினைத்திருப்பார். நாலு மாடி ஏறி, மூச்சு வாங்க மணியடித்து, கதவைத் திறந்தவர்கள் சிரிப்பை அடக்குவதைப் பார்த்தபடியே கையெழுத்து வாங்குவாள். ஓடவில்லை. வாயைக் கட்டினாள். இரண்டரை வருஷத்தில் நாற்பத்தாறு கிலோ இறங்கியது. எடை போனது, தோல் போகவில்லை. அடிவயிற்றில் மடிந்து தொடைக்கு மேல் தொங்கியது. தினமும் காலையில் அதைத் துணியைச் சுருட்டுவதுபோலச் சுருட்டி, அகலமான பட்டையால் இறுக்கிக் கட்டிக்கொண்டுதான் சட்டை போடுவாள். வெயில் காலத்தில் மடிப்புக்குள் வேர்த்துப் புண்ணாகும். பவுடர் போட்டால் களிம்பாகும். "எனக்கு ஒண்ணும் தெரியலயே, நான் எதாவது சொன்னேனா?" என்பார் வீட்டுக்காரர். நல்ல மனிதர்தான். ஆனால் பட்டை கட்டிக்கொண்டு நாலு மாடி ஏறுவது அவரா?

ஆபரேஷன் பண்ணிவிடலாமா என்று அக்காவிடம் கேட்டபோது அவள் பதறிவிட்டாள். "இடுப்புல இந்தப் பக்கத்துலேர்ந்து அந்தப் பக்கம்வரைக்கும் அறுப்பாங்கடி. டியூப் போட்டு ரத்தம் வடியவிடுவாங்க. ஒரு மாசம் வெயிட்டு தூக்கக் கூடாது, வேலைக்கு என்ன பண்ணுவ? எங்ககிட்ட குளிர் மிஷின் வந்திருக்கு. கத்தி இல்ல, ரத்தம் இல்ல, சாப்பாட்டு நேரத்துல முடிஞ்சிரும்." பாப்பா சரி என்றாள். அக்கா கையைப் பிடித்துக்கொண்டு சொன்னால் வேறென்ன சொல்வாள்?

ஆறாவது தடவை முடிந்த மறுவாரம் புண் சீழ் பிடித்துக் காய்ச்சலில் கொண்டுபோய்விட்டது. பெரிய ஆஸ்பத்திரியில் பார்த்த பெண் சர்ஜன், மடிப்பைத் தூக்கிப் பார்த்தார். சுற்றிலும் கப் பிடித்த வட்டத் தடங்களையும் பார்த்தார்.

"இது என்ன?"

பாப்பா சொன்னாள்.

"அது கொழுப்பை உறைய வைக்கிற மிஷினும்மா. அங்கங்க கட்டியா கொழுப்பு இருக்கிறவங்களுக்குக் கொஞ்சம் கொறையும். உங்களுக்கு இருக்கிறது தோல். நாப்பது தடவை வச்சாலும் தோல் உள்ள போகாது. இதை வெட்டித்தான் எடுக்கணும். லேசான ஆபரேஷன்னு பொய் சொல்லமாட்டேன், ஆனா செய்யலாம். யாரு உங்களுக்கு இதைச் சொன்னது?"

"தெரிஞ்சவங்க" என்றாள் பாப்பா. அக்கா என்று சொல்ல நாக்கு எழவில்லை. அக்காவுக்கே தெரியாமல் இருந்திருக்கும் என்று தனக்குத்தானே நாலு நாள் சொல்லிக்கொண்டாள்.

ஐந்தாம் நாள் வேலைக்குத் திரும்பியபோது கிளினிக் பேருக்கு ஒரு அட்டைப்பெட்டி இருந்தது. கொடுத்துவிட்டு, அப்படியே அக்காவிடம் தன்மையாகக் கேட்டுவிடலாம் என்றுதான் போனாள். வரவேற்பறையில் நாலைந்து பேர் காத்திருந்தார்கள். அக்கா அவளுக்கு முதுகு காட்டி உட்கார்ந்திருந்தாள். எதிரே ஒரு இளம்பெண், மடியில் கைக்குழந்தை. அக்கா அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"கத்தி இல்ல, ரத்தம் இல்ல, சாப்பாட்டு நேரத்துல முடிஞ்சிரும்மா. நம்பிக்கை இல்லாமயா என் சொந்தத் தங்கச்சிக்கே செஞ்சேன்? இங்க பாருங்க." செல்போனை நீட்டினாள். ஒரு குடும்பப் படத்தின் ஓரத்தில் அலமாரி மாதிரி நின்ற பழைய பாப்பா. விரலால் தள்ளினாள். போன மாதம் அக்காவே பாசமாக நிற்கவைத்து எடுத்த படம். இறுக்கிக் கட்டிய பட்டைக்கு மேலே சட்டை போட்ட பாப்பா. "ஆறே ஆறு சிட்டிங்தான். எப்படி ஆயிட்டா பாத்தீங்களா?"

பாப்பா பெட்டியைத் தரையில் வைத்தாள். நேராகப் போய் அந்த மேஜை முன்னால் நின்றாள். நிதானமாகத்தான் சட்டையின் கீழ்ப் பொத்தான்களைக் கழற்றினாள், பட்டையின் ஒட்டும் முனையைப் பர்ரென்று பிரித்தாள். புண்ணும் வட்டத் தடமுமாகத் தோல் அவிழ்ந்து தொங்கியது.

"அந்தத் தங்கச்சி நான்தான்" என்றாள் இளம்பெண்ணிடம். "பாத்துக்கங்க. மிஷின் செஞ்சது இந்தத் தடம்தான். மிச்சத்தைக் கொறைச்சது நான். நாலு மாடி, ஒரு நாளைக்கு முப்பது வீடு, ரெண்டரை வருஷம்."

யாரோ இருமினார்கள். அக்கா எழுந்து கோட்டால் மறைக்கப் பார்த்தாள். "பாப்பா, சட்டையப் போடு. எல்லாரும் பாக்குறாங்க."

"பாக்கட்டும். இதுக்கு அந்த மிஷின் கேக்காதுன்னு உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"உள்ள வா, பேசலாம்."

"தெரியுமா, தெரியாதா?"

அக்காவின் குரல் இறங்கியது. "மாசத்துக்கு இத்தனை பேரைச் சேக்கணும்னு கழுத்துல கத்தி வைக்கிறாங்கடி. அதோட உனக்கு ஆபரேஷன்னா பயமா..."

"பயம்னு நான் சொன்னேனா? வாயைத் தொறந்து உங்கிட்ட ஆபரேஷன் பண்ணலாமான்னு கேட்டேன். ஊரே கேலி பண்ணப்பகூட எனக்கு இப்படி எரியலக்கா. அவங்க என் உடம்பைப் பாத்துச் சிரிச்சாங்க, அவ்ளோதான். நீ அதைக் காட்டி வித்திருக்க. நான் ஏறின படியையும் சேத்து வித்துட்ட."

இளம்பெண் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தாள். கையிலிருந்த படிவத்தை என்ன செய்வதென்று தெரியாமல் மேஜை மேல் கவிழ்த்து வைத்துவிட்டு, பாப்பாவின் புண்ணை இன்னொரு முறை பார்த்துவிட்டுப் போனாள். உள் அறைக் கதவு திறந்தது. கிளினிக் முதலாளி வாசலில் வந்து நின்றார். அக்கா அவரைப் பார்த்தாள், பிறகு பாப்பாவைப் பார்த்தாள்.

பாப்பா பட்டையைக் கட்டிக்கொண்டாள். அவசரமில்லாமல் பொத்தான்களைப் போட்டாள். பெட்டியைத் தூக்கி மேஜை மேல் வைத்து, கையெழுத்து வாங்கும் கருவியை நீட்டினாள்.

"உங்க கிளினிக் பார்சல், மேடம். இங்க ஒரு கையெழுத்து."

மேடம் என்றதும் அக்காவின் முகம் அறை வாங்கியதுபோல் ஆனது. விரலைத் திரையில் வைத்து இழுத்தாள். வேர்த்த விரல், கோடு விழவில்லை. இன்னொரு முறை இழுத்தாள். கொஞ்சதூரம் வந்து அறுந்துபோனது. வெள்ளைக் கோட்டில் விரலைத் துடைத்துத் துடைத்து மறுபடி வைத்தாள். பாப்பா கருவியைத் தாழ்த்தாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.