பால் வைத்த சாரை

மழை தூறினாலே ரூபா கொல்லையைப் பார்க்க ஓடுவாள். ஈரத்துக்குத் தேரைகள் கிளம்பிவிடும். அவள் வளர்க்கும் நாயான பொட்டு, அதில் ஒன்றைக் கவ்விவிட்டு, தேரை விஷத்தில் வாயில் நுரை தள்ள வந்து நிற்கும். போன மழைக்காலத்தில் இரண்டு முறை குழாயடியில் அதன் வாயைக் கழுவிக் கழுவிக் காப்பாற்றினாள். இன்னொரு தடவை கவ்வினால் இதயமே நின்றுவிடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இந்த வருஷம் தேரைகளைக் காணோம். கொல்லையில் கிடந்த கற்குவியலில் ஒரு சாரைப்பாம்பு குடிவந்திருந்தது. கை அகலத் தேரை ஒன்றை அது அசராமல் விழுங்குவதை ரூபா பார்த்தாள். பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் யாரிடமும் மூச்சுவிடவில்லை.

கன்னடக்காரரான வீட்டுக்காரம்மா தேவம்மா கண்ணில் வால் மட்டும் பட்டது. உடனே கற்களுக்கு மஞ்சள், குங்குமம், ஒரு கிண்ணம் பால். "நாகப்பா நம்ம வீடு தேடி வந்திருக்கான் ரூபா." ரூபாவுக்கு நிம்மதி. சாமியை யார் விரட்டப் போகிறார்கள்?

அந்தப் பாழாய்ப்போன பாம்பு ஒருநாள் முழு நீளத்துக்கும் வெளியே வந்து வெயில் காய்ந்தது. தேவம்மா தடியால் தரையைத் தட்டினார். அது படம் எடுக்கவில்லை.

"இது கேரே ஹாவு, வெறும் சாரை. இதுக்கா பால் வெச்சேன்?"

"சாரை ஒண்ணும் பண்ணாதுங்க அம்மாவ்ரே. இருந்துட்டுப் போகட்டும்."

"நாகப்பான்னா இருக்கலாம். கண்டதுக்கெல்லாம் இங்க எடமில்ல" என்றபடி போனை எடுத்தார்.

பாம்பு பிடிக்கும் நஞ்சுண்டசாமி வந்து, வாலைப் பிடித்துத் துணிப்பைக்குள் இறக்கினார்.

"அண்ணா, இதை நம்பித்தானுங்க என் நாய் பொழைச்சுக் கெடக்குது. தேரை வெஷம் இதை மட்டும் ஏன் ஒண்ணும் பண்றதில்ல?"

"இதோட முப்பாட்டன் காலத்துல வெஷம் தாங்காததெல்லாம் செத்துச்சு. தாங்குனது முட்டை போட்டுச்சு. குஞ்சுங்களும் தாங்குச்சு. அப்படியே எத்தனையோ தலைமுறை."

"பொட்டுவுக்கும் பழகிடுங்களா?"

"ஒத்தை நாய்க்கு எங்கம்மா பழகும்? போய்ச் சேர்ந்துடும்."

"அப்ப இதை விட்டுட்டுப் போங்களேன்."

"கூப்பிட்டவங்க அவங்க. நான் என்ன பண்றது? லிங்காம்புதி ஏரிக்கரையில விட்டுருவேன், நல்லாயிருக்கும்."

நல்லாயிருக்குமாம். யாருக்கு?

அன்று சாயங்காலமே மழை பிடித்துக்கொண்டது. குழாயடியில் ஒரு தேரை, படியோரம் இன்னொன்று. கட்டிப்போட்ட பொட்டு கயிறு அறுந்துவிடும்போல இழுத்தது. ரூபா கையில் பிளாஸ்டிக் பையைச் சுற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகப் பிடித்துப் பழைய பெயின்ட் வாளிக்குள் போட்டாள். மூடுவதற்குள் ஒன்று குதித்து ஓடியது. அதைத் துரத்திப் பிடிக்கையில் முழங்கை சிராய்த்தது.

"மழையில வாளியைத் தூக்கிட்டு எங்கே?" தேவம்மா ஜன்னலில் நின்றார்.

"ஏரிக்குங்க. சாப்பாடு கொண்டு போறேன்."

"யாருக்கு?"

"நீங்க பால் வெச்சீங்களே, அவனுக்கு."

வாசலைத் தாண்டும்போது திரும்பிப் பார்த்தாள். குழாயடியில் அடுத்த தேரை வந்து உட்கார்ந்திருந்தது.